கட்டான் தீவை அடுக்குவதும் அதில் குடியேறுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டான் எப்படிப்பட்ட ஆட்டம்?

ஆளில்லாத ஒரு தீவில் 3 அல்லது 4 பேர் குடியேறி, சாலை போட்டு, வீடு கட்டி, வீட்டை நகரமாக்கி, முதலில் 10 புள்ளி எடுப்பவர் வெல்லும் ஆட்டம். தீவு பலகையில் அச்சடித்து வராது. அறுகோண டைல்களை ஒவ்வொரு முறையும் நாமே கலைத்து அடுக்க வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் டொய்பர் உருவாக்கிய இதை 1995இல் கோஸ்மோஸ் நிறுவனம் வெளியிட்டது. ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்குத் தரப்படும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதும் அந்த ஆண்டு இதற்கே கிடைத்தது. பல் தொழில்நுட்பராக வேலை பார்த்த டொய்பர் 2023 ஏப்ரலில் காலமானார்.

வழக்கமாக ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். புதியவர்கள் இருந்தால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?

பழைய பெட்டியை வாங்குபவர்கள் எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது. நில டைல்கள் 19: வயல் 4, காடு 4, மேய்ச்சல் நிலம் 4, மலை 3, செம்மண் குன்று 3, பாலைவனம் 1. இவற்றைச் சுற்றி வைக்கும் கடல் சட்டத்துண்டுகள் 6. துறைமுகங்கள் 9. எண் வில்லைகள் (பகடையில் எந்த எண் விழுந்தால் எந்த டைல் விளையும் என்று காட்டுபவை) 18. வளச் சீட்டுகள் வகைக்கு 19 வீதம் 95. வளர்ச்சிச் சீட்டுகள் 25. ஒவ்வொரு நிறத்திலும் வீடு 5, நகரம் 4, சாலை 15. இவை தவிர இரண்டு பகடை, திருடன் காய் ஒன்று, 'நீண்ட சாலை', 'பெரும்படை' என்ற இரண்டு சிறப்புச் சீட்டுகள்.

வளங்கள் ஐந்து: செங்கல், மரம், கம்பளி, தானியம், தாது. தமிழில் பேசி விளையாடும்போது 'கல்' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருவர் செங்கல்லை நினைத்துச் சொல்ல, மற்றவர் தாதுவை நினைத்துக் கை நீட்டுவார். 'செங்கல்', 'தாது' என்று பிரித்தே சொல்லிப் பழகுங்கள்.

டைல்களை எந்த வரிசையில் அடுக்குவது?

முதலில் கடல் சட்டத்தைக் கோர்த்து மேசையில் வையுங்கள். 19 டைல்களையும் கவிழ்த்துக் கலைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி 3, 4, 5, 4, 3 என்ற வரிசைகளில் நிரப்புங்கள். டைலின் தட்டையான பக்கங்கள் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். சட்டத்தை இறுக்கிய பிறகு டைல் வைப்பதைவிட, சட்டத்தைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, எல்லா டைலும் உட்கார்ந்த பின் மெல்ல இறுக்குவது சுலபம். இல்லாவிட்டால் கடைசி டைலைத் திணிக்கும்போது நடு டைல்கள் எழும்பிவிடும்.

பாலைவனம் எங்கே வந்தாலும் அங்கேயே இருக்கட்டும். அதன்மேல் திருடனை நிறுத்துங்கள். பாலைவனத்துக்கு எண் வில்லை கிடையாது. 19 டைலுக்கு 18 வில்லை இருப்பது அதனால்தான்.

ஒரே வகை நிலம் மூன்று நான்கு ஒட்டி விழுந்துவிட்டால் கலைத்துப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். விதிப்படி அப்படியே விளையாடலாம். ஆனால் மூன்று செம்மண் குன்றும் ஒரே மூலையில் விழுந்தால், அந்த மூலையைப் பிடிப்பவரிடம் மற்றவர்கள் ஆட்டம் முழுக்கக் கையேந்த வேண்டியிருக்கும். முதல் வீட்டை வைப்பதற்கு முன் எல்லாரும் ஒப்புக்கொண்டால் இரண்டு டைலை இடம் மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

எண் வில்லைகளை எழுத்து வரிசையில் வைப்பதா, கலைத்து வைப்பதா?

இரண்டும் செய்யலாம். வில்லையின் பின்புறம் ஏ முதல் ஆர் வரை எழுத்து இருக்கும். தீவின் ஏதாவது ஒரு மூலை டைலில் ஏ-வை வைத்து, இடஞ்சுழியாக வெளிவட்டம், பிறகு உள்வட்டம், கடைசியில் நடு டைல் என்று சுருளாக வந்து முடியுங்கள். பாலைவனம் குறுக்கே வந்தால் அதைத் தாண்டி, அடுத்த டைலில் அடுத்த எழுத்தை வையுங்கள். எல்லாம் வைத்த பிறகு எண் பக்கம் மேலே தெரியும்படி திருப்புங்கள். எண்கள் இந்த வரிசையில் வரும்: 5, 2, 6, 3, 8, 10, 9, 12, 11, 4, 8, 10, 9, 4, 5, 6, 3, 11. வில்லையில் எழுத்து அழிந்துபோயிருந்தால் இந்த வரிசையே போதும்.

பாலைவனம் எங்கே விழுந்தாலும், சிவப்பு எண்களான 6, 8 ஆகியவை அடுத்தடுத்த டைல்களில் வராதபடி இந்த வரிசை அமைக்கப்பட்டிருக்கிறது. கலைத்து வைக்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போது இரண்டு சிவப்பு எண்கள் ஒட்டி விழுந்தால் ஒன்றை வேறு வில்லையோடு மாற்றியே ஆக வேண்டும். இது விதி, நம் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. பலரும் இதைக் கவனிக்காமல் தொடங்கிவிட்டு, 6-ம் 8-ம் தொடும் முனையைப் பிடித்தவர் ஓடிவிட்டார் என்று வருந்துகிறார்கள். ஆட்டத்தில் வரும் மனத்தாங்கலில் பாதி அடுக்கும்போதே முளைத்தது.

வில்லையில் எண்ணுக்குக் கீழே உள்ள புள்ளிகள் எதற்கு?

இரண்டு பகடை உருட்டினால் 36 விதமாக விழலாம். அவற்றில் அந்த எண் எத்தனை விதமாக வரும் என்பதே புள்ளிக் கணக்கு. 2-க்கும் 12-க்கும் 1. 3, 11-க்கு 2. 4, 10-க்கு 3. 5, 9-க்கு 4. 6, 8-க்கு 5. வில்லையே இல்லாத 7 தான் மிக அதிகமாக, 6 விதமாக வரும்.

முதல் இரண்டு வீடுகளை எங்கே வைப்பது?

நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பின்னால் செய்யும் எந்த வியாபாரமும் மோசமான தொடக்கத்தை முழுதாகச் சரிக்கட்டாது.

முதலில் விதி. பகடையில் அதிகம் போட்டவர் தொடங்க, வலஞ்சுழியாக ஒவ்வொருவரும் ஒரு வீடும் அதை ஒட்டி ஒரு சாலையும் வைப்பார்கள். கடைசி ஆள் அடுத்தடுத்து இரண்டு வீடு வைப்பார். பிறகு வரிசை பின்னோக்கித் திரும்பி, முதல் ஆளிடம் முடியும். வீடு மூன்று டைல்கள் சந்திக்கும் முனையில் உட்கார வேண்டும். டைலின் நடுவில் அல்ல. எந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் குறைந்தது ஒரு முனை காலியாக இருக்க வேண்டும். உங்கள் சொந்த வீடுகளுக்கும் இதே விதிதான். இரண்டாவது வீட்டைச் சுற்றியுள்ள டைல்களுக்குத் தலா ஒரு வளச் சீட்டு உடனே கிடைக்கும். முதல் வீட்டுக்குக் கிடைக்காது. இரண்டுக்கும் எடுத்துக்கொள்வது பரவலாக நடக்கும் பிழை.

இனி இடம் பார்ப்பது. முனையைத் தொடும் மூன்று வில்லைகளின் புள்ளிகளைக் கூட்டுங்கள். சிவப்பு எண்கள் ஒட்டாமல் அடுக்கிய தீவில் ஒரு முனைக்கு அதிகபட்சம் 13 புள்ளி: ஒரு 6 அல்லது 8, கூடவே 5 அல்லது 9 எண்ணுள்ள இரண்டு டைல்கள். 10-க்கு மேல் இருந்தாலே நல்ல இடம். 7-க்குக் கீழே போனால் வேறு வலுவான காரணம் வேண்டும்.

புள்ளி மட்டும் போதாது. செலவுக் கணக்கைப் பாருங்கள். சாலைக்குச் செங்கல் 1, மரம் 1. வீட்டுக்குச் செங்கல், மரம், கம்பளி, தானியம் தலா 1. நகரத்துக்குத் தாது 3, தானியம் 2. வளர்ச்சிச் சீட்டுக்குத் தாது, கம்பளி, தானியம் தலா 1. நான்கில் மூன்றுக்குத் தானியம் தேவைப்படுகிறது. ஆகவே வயலே இல்லாத தொடக்கம் எவ்வளவு புள்ளி காட்டினாலும் பிற்பகுதியில் மூச்சுத் திணறும். செங்கல்லும் தாதுவும் தீவில் மூன்று மூன்று டைல்களில்தான் விளைகின்றன. அவற்றில் ஒன்று 2-லோ 12-லோ மாட்டிக்கொண்டால் அந்த வளத்துக்கு ஆட்டம் முழுக்கப் பஞ்சம். எதில் பஞ்சம் வரும் என்பதை வீடு வைக்கும்முன் கண்டுபிடித்து, அதன் நல்ல டைலை முதலில் பிடியுங்கள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே எண்கள் அமையாமல் பாருங்கள். 6, 9, 4 என்று ஒரு வீடும், 8, 5, 10 என்று இன்னொன்றும் இருந்தால் 36-இல் 24 விதத்தில் ஏதோ ஒரு சீட்டு கைக்கு வரும். இரண்டிலும் 6, 9, 4 என்றே இருந்தால் மொத்த வரவு அதேதான். ஆனால் 36-இல் 12 விதத்தில்தான் வரும்: வந்தால் இரண்டு இரண்டாக, வராவிட்டால் வறட்சி. கை நிரம்பும்போது 7 விழுந்தால் பாதி போய்விடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சாலையை எங்கே நோக்கி வைப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். நீங்கள் குறிவைத்த அடுத்த முனையை உங்களுக்குப் பின் வைப்பவர் எடுத்துவிடலாம். இரண்டாவது வீட்டின் சாலையைக் கடற்கரையிலுள்ள ஒரு துறைமுகத்தை நோக்கித் திருப்புவது பெரும்பாலும் பாதுகாப்பானது.

7 விழுந்தால் என்ன வரிசையில் செய்வது?

யாருக்கும் வளம் கிடையாது. கையில் 8 அல்லது அதற்கு மேல் வளச் சீட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், பகடை உருட்டியவர் உட்பட, பாதியை வங்கியில் போட வேண்டும். ஒற்றைப்படையானால் கீழே இறக்கிக் கணக்கிடுங்கள்: 9 இருந்தால் 4 போகும். வளர்ச்சிச் சீட்டுகள் இந்த எண்ணிக்கையில் சேராது. எல்லாரும் போட்டு முடித்த பிறகே உருட்டியவர் திருடனை நகர்த்துவார்.

திருடன் இருந்த டைலிலேயே இருக்க முடியாது; கட்டாயம் நகர வேண்டும். பாலைவனத்துக்கே திருப்பி அனுப்பலாம். போய் நிற்கும் டைலின் முனையில் வீடோ நகரமோ வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து, முகம் பார்க்காமல் ஒரு சீட்டு எடுக்கலாம். பலர் இருந்தால் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். திருடன் நிற்கும்வரை அந்த டைல் விளையாது. ஆனால் அங்கே உள்ள துறைமுகம் முடங்காது.

4 பேர் ஆட்டத்தில், 8 சீட்டோடு உங்கள் முறையை முடித்தால், மறுபடி கட்டும் வாய்ப்பு வருமுன் பகடை நான்கு முறை உருளும். அதற்குள் ஒரு 7 வந்துவிட 52 சதவீத வாய்ப்பு. நகரத்துக்காகச் சேர்த்து வைக்கும்போது இந்த எண்ணை மனத்தில் வைத்திருங்கள். ஒரு சாலையோ வளர்ச்சிச் சீட்டோ வாங்கி 7-க்குக் கீழே இறங்கிவிடுவது பல நேரம் மேல்.

வங்கியில் ஒரு வளம் தீர்ந்துபோனால்?

பகடைக்குக் கொடுக்க வேண்டிய அளவு வங்கியில் இல்லை, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவருக்கு அது சேர வேண்டும் என்றால் யாருக்கும் கிடையாது. ஒரே ஒருவருக்கு மட்டும் சேர வேண்டியிருந்தால், மிச்சம் இருப்பதை அவர் எடுத்துக்கொள்ளலாம். மற்ற வளங்களை வழக்கம்போலக் கொடுங்கள்.

பண்டமாற்றில் எது செல்லும், எது செல்லாது?

யாருடைய முறையோ அவரோடு மட்டுமே மாற்றலாம். மற்ற இருவர் தங்களுக்குள் கைமாற்றக் கூடாது. இலவசமாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு கம்பளிக்கு ஒரு கம்பளி என்று ஒரே பொருளுக்கு ஒரே பொருளும் கூடாது. வளர்ச்சிச் சீட்டை விற்க முடியாது.

வங்கியோடு எப்போதும் 4-க்கு 1. பொதுத் துறைமுகத்தில் வீடு இருந்தால் 3-க்கு 1, அவை நான்கு. குறிப்பிட்ட வளத்துக்கான துறைமுகங்கள் ஐந்து. அந்த வளத்தை மட்டும் 2-க்கு 1 கொடுத்து மாற்றலாம். கம்பளித் துறைமுகத்தைப் பிடித்துவிட்டு மேய்ச்சல் நிலத்தில் வீடே இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அந்த வளம் வாரத்துக்கு ஒரு முறை மழை பெய்வதுபோல வந்தால் துறைமுகத்தால் பயனில்லை. 6 அல்லது 8 எண்ணுள்ள டைல் ஒன்று கையில் இருந்தால்தான் 2-க்கு 1 துறைமுகம் சோறு போடும்.

பகடை உருட்டுவதற்கு முன் வியாபாரம் கிடையாது.

வளர்ச்சிச் சீட்டுகளில் எது எத்தனை? எப்போது ஆடலாம்?

வீரன் 14, வெற்றிப் புள்ளி 5, சாலை அமைப்பு 2, செழிப்பு ஆண்டு 2, ஏகபோகம் 2. வாங்கிய முறையிலேயே ஆடக் கூடாது. ஒரு முறைக்கு ஒன்றுதான் ஆடலாம். வெற்றிப் புள்ளிச் சீட்டு மட்டும் விலக்கு: அதை மறைத்தே வைத்திருந்து, 10 எட்டும்போது, அந்த முறையில் வாங்கியதானாலும், காட்டலாம்.

பகடை உருட்டுவதற்கு முன்பும் சீட்டு ஆடலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் 8-இன்மேல் திருடன் உட்கார்ந்திருந்தால், முதலில் வீரனை இறக்கி அவனை விரட்டிவிட்டு உருட்டுங்கள். வீரனை ஆடும்போது யாரும் பாதிச் சீட்டு போட வேண்டியதில்லை. அது 7-க்கு மட்டும். முதலில் 3 வீரர்களை ஆடியவருக்குப் பெரும்படை, 2 புள்ளி. வேறொருவர் அதைவிட அதிகம் ஆடினால் சீட்டு கைமாறும்.

நீண்ட சாலையை எப்படி எண்ணுவது?

குறைந்தது 5 துண்டுகள் தொடர்ந்து இருக்க வேண்டும். கிளைகளைக் கூட்டக் கூடாது; ஒரே பயணமாக விரல் வைத்துப் போகக்கூடிய மிக நீளமான பாதைதான் கணக்கு. வளையமாக வந்தால் சேரும், ஆனால் ஒரு துண்டை ஒரு முறைதான் எண்ணலாம். உங்கள் வீடு நடுவில் இருந்தால் பாதை அறுபடாது. எதிராளி உங்கள் சாலையின் நடு முனையில் வீடு கட்டினால் அறுந்துவிடும். நடுவில் இரண்டு துண்டுக்கு ஒரு வீடு கட்டி வைத்தால் அந்த ஆபத்து இல்லை.

சமமானால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே சீட்டு இருக்கும். சாலை அறுந்து, மற்ற இருவர் சமமாக முன்னே வந்தால், யாராவது தனியாக முந்தும்வரை சீட்டை ஒதுக்கி வையுங்கள்.

இப்படி அடுத்தவர் முறையில் உங்களுக்கு 10 புள்ளி சேர்ந்துவிட்டாலும் வெற்றி ஆகாது. உங்கள் முறை வரும்போதும் 10 இருந்தால்தான் வென்றதாகும்.

5 வீடும் தீர்ந்துவிட்டது. இன்னொரு வீடு கட்டலாமா?

முடியாது. ஒன்றை நகரமாக்கினால் வீட்டுக் காய் கைக்குத் திரும்பும்; பிறகு கட்டலாம். ஒரே முறையில் வீடு கட்டி அதையே நகரமாக்கவும் அனுமதி உண்டு.

4 பேருக்கு மேல் விளையாட முடியுமா?

5-6 பேருக்கான துணைப்பெட்டி தனியாக விற்கிறது. அதைச் சேர்த்தால் டைல்கள் 30, வில்லைகள் 28 ஆகும், பாலைவனம் இரண்டு. உங்கள் முறை வர நேரமாகும் என்பதால், முந்தைய பதிப்புகளின் விதிப்படி, ஒவ்வொருவர் முறை முடிந்ததும் மற்றவர்கள் வியாபாரம் செய்யாமல் கட்ட மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. இதை விட்டுவிட்டால் 7-க்கு மேல் சீட்டு சேர்ந்து எல்லாரும் இழந்துகொண்டே இருப்பார்கள், ஆட்டம் நகராது. துணைப்பெட்டி வாங்கும்முன் பதிப்பைச் சரிபாருங்கள். வெவ்வேறு பதிப்புகளின் டைலும் சட்டமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம்.

தெரியாத நிலத்தைக் கண்டுபிடித்து, ஆடும்போதே டைல் வைத்துப் போகும் வடிவம் உண்டா?

உண்டு. 1997இல் வந்த 'கடலோடிகள்' துணைப்பெட்டியில் சில ஆட்டங்கள் அப்படிப்பட்டவை. நடுக்கடலில் ஒரு பகுதி காலியாக இருக்கும். உங்கள் கப்பலோ சாலையோ அதன் விளிம்பைத் தொட்டதும், கவிழ்த்து வைத்த குவியலிலிருந்து ஒரு டைல் எடுத்து அங்கே வைப்பீர்கள். நிலமானால் எண் வில்லையும் வைத்து, அந்த வளத்தில் ஒரு சீட்டு பரிசாக எடுத்துக்கொள்ளலாம். கடலானால் ஒன்றும் இல்லை.

இது டொய்பரின் முதல் எண்ணத்துக்கு மிக நெருக்கமானது. தீவைக் கண்டுபிடிப்பது, குடியேறுவது, எல்லை பிரிப்பது எல்லாம் ஒரே ஆட்டமாகத்தான் அவர் மனத்தில் இருந்தது. அது பெரிதாகிப் பிரிந்து மூன்று ஆட்டங்களானது: குடியேறுவது கட்டான் ஆனது, டைல் எடுத்து வைத்துத் தீவுகளைக் கண்டுபிடிக்கும் 'என்ட்டெக்கர்' 1996இல் வந்தது, எல்லை போடும் 'லோவென்ஹெர்ட்ஸ்' 1997இல் வந்தது.

தீவில் ஏற்கெனவே யாரும் இல்லையா? இது காலனி ஆட்டம்தானா?

நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி. டொய்பருக்குத் தூண்டுதலாக இருந்தது வைகிங்குகள் ஐஸ்லாந்தில் குடியேறிய கதை. 9ஆம் நூற்றாண்டில் அவர்கள் போனபோது அங்கே ஊரோ அரசோ இல்லை; அயர்லாந்துத் துறவிகள் சிலர் இருந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. ஆகவே காலித் தீவு என்பது அந்தக் கதைக்குப் பொருந்தும்.

ஆனால் உலகில் 'புதிய நிலம்' என்று சொல்லிக் குடியேறிய பெரும்பாலான இடங்களில் மக்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியா யாருக்கும் உரிமையில்லாத நிலம் என்ற வாதத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1992இல், மாபோ வழக்கில்தான் நிராகரித்தது. வரைபடத்தை வெறுமையாக வைத்துத் தொடங்கும் ஆட்டம் எதையும் இந்த நினைவோடு ஆடுவது நல்லது. குழந்தைகளோடு ஆடினால் சொல்லியும் கொடுக்கலாம்.

2002இல் வந்த 'புவேர்ட்டோ ரிகோ' ஆட்டத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே கரும்பு, அவுரி, புகையிலை, காப்பித் தோட்ட டைல்களை வைத்து, கப்பலில் வந்திறங்கும் பழுப்பு நிற வட்டக் காய்களை அவற்றில் வேலைக்கு நிறுத்துவோம். 'குடியேறிகள்' என்று அவற்றுக்குப் பெயர். அடிமைகளைத்தான் வேறு பெயரில் நிறுத்தியிருக்கிறது என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. பிற்பாடு வந்த ஒரு பதிப்பு, அந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்த 1873-க்குப் பின், 1897-க்குக் காலத்தை நகர்த்தியது. இலங்கை, மலாயா, மொரிசியஸ், ஃபிஜித் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்த தமிழர்கள் அந்தக் காய்களைக் கையில் எடுக்கும்போது தயங்குவது இயல்பே.

எதிர்த்திசையில் ஆட விரும்பினால் 2017இல் வெளியான 'ஸ்பிரிட் ஐலண்ட்' இருக்கிறது. அதில் தீவின் தெய்வங்களாக நின்று, அங்கே வாழும் தாஹான் மக்களோடு சேர்ந்து, வந்திறங்கும் குடியேறிகளை விரட்டுவோம். கட்டானைவிடப் பல மடங்கு கடினம்; முதல் ஆட்டத்துக்கே மூன்று மணி நேரம் வையுங்கள்.

ஈரக்காற்றில் டைல்கள் வளைகின்றன. என்ன செய்வது?

அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை இழுப்பதால் வளைகிறது. உலர்ந்த நாளில், வளைந்த டைல்களை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையே பரப்பி, மேலே கனமான புத்தகங்கள் வைத்து இரண்டு நாள் விடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், இஸ்திரிப்பெட்டியும் வேண்டாம், மேல்தாள் உரிந்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, டைல்களைப் படுக்கையாக, ரப்பர் பேண்டு போடாமல் அடுக்குங்கள். ரப்பர் பேண்டு ஓரத்தை நசுக்கும். நசுங்கிய டைல் கவிழ்த்து வைத்தாலும் எது என்று தெரிந்துவிடும்.